தூய லியோவின் கிண்ணமும் சுந்தரோதயாவின் கள்ள மாணவனும்

டோர்செட் பார்க், ஸ்காபரோ.
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு.

தூய லியோ கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளைச் செயலாளரும், என் மனைவி அன்ரனெற்றின் ஒரே தம்பியுமாகிய மச்சான் அன்புராசாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உமது அக்காவும் இங்கே சுகம். நீரும் பிக்கரிங்கில் புது வீட்டில் சுகமாகவே இருப்பீர். சுகமில்லாமல் இருப்பதற்கு உமக்கு ஒரு காரணமும் இல்லை. வட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் இந்த மனிதன் கையால் எழுதித் தபாலில் போடுகிறான் என்று நீர் யோசிக்கலாம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு 'லியோ குடும்பம்' என்ற குழுவிலிருந்து என்னை வெளியே எடுத்த விரல் உம்முடையது. நான் அந்த நேரம் குழுவுக்குக் காலை வணக்கத்தோடு ஒரு ரோசாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தேன். பூ பாதியில் நின்றுவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீர் பக்கத்திலேயே இருந்தவர்தான். ஆனால் உமது ஞாபகசக்தி எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதை எட்டு நாளைக்கு முன், போன சனிக்கிழமை, கண்ணால் கண்டேன். ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கோடையில் ஆடும் கிரிக்கெற் கிண்ணத்தை மூன்று வருடம் தொடர்ச்சியாக எடுத்தவர்கள் நாங்கள். முதல் வருடம் கடைசிப் பந்தில் எங்கள் றமேஸ் அடித்த ஆறு, சுந்தரோதயாக் கல்லூரிச் சங்கத் தலைவர் சண்முகநாதனின் காரின் முன்கண்ணாடியில் போய் விழுந்தது. அதைவிட வடிவான ஆறு இந்த உலகத்தில் அடிக்கப்படவில்லை. அடுத்த வருடம் எங்கள் ஆட்கள் மூன்று பேர் ஒரு சாமத்தியவீட்டு விருந்துக்குப் போய்விட, எட்டுப் பேரோடு ஆடி வென்றோம். மூன்றாம் வருடம் சுந்தரோதயா நாற்பத்தெட்டு ஓட்டத்தில் சுருண்டது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, முழங்காலைப் பிரட்டி, நான்கு கிழமை ஊன்றுகோலோடு திரிந்தேன். ஒரு நாளும் வருந்தியதில்லை.

சுந்தரோதயாவின் சரித்திரத்தை நீர் அறிவீர். ஒரு வருடம் நடுவராக நின்ற மனிதர் சண்முகநாதனின் சகலன் என்று கண்டுபிடித்தவன் நான். நாற்பது வயதுக்கு மேற்பட்டோரின் ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்தவருக்கு முப்பத்தாறு வயதுதான் என்பதை, ஒரு கலியாணவீட்டில் அவருடைய மாமியாருக்குப் பக்கத்தில் இருந்து கதை கொடுத்து எடுத்தவனும் நான். இதெல்லாம் ஆருக்காகச் செய்தேன்? எனக்கு ஒரு மாலை போட்டீரா? "அத்தான், நீங்கள் இல்லாட்டிச் சங்கம் இல்லை" என்று வருடாவருடம் சொன்னீர். அதை நான் நம்பினேன்.

இந்த வருட இறுதியாட்டத்துக்கு வருகிறேன். சுந்தரோதயாப் பக்கத்தில் இதுவரை எவரும் கண்டிராத ஒரு மெலிந்த பொடியன், இடது கையால் பந்து போட்டான். இரண்டாவது பந்தில் றமேசின் விக்கெற் விழுந்தது. விழுந்தது றமேசுக்கே தெரியாது, அடுத்த பந்துக்கு ஆயத்தமாய் நின்றுகொண்டிருந்தான். ஆறு விக்கெற் அவனுக்கு. எழுபத்தொரு ஓட்டத்தோடு எங்கள் கதை முடிந்தது. கிண்ணத்தைச் சண்முகநாதன் ஒரு குழந்தைப்பிள்ளையைப் போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் மூன்று தரம் நடந்தார். ஒரு தரம் போதாதா?

அப்போதுதான் அந்தப் பொடியன் தண்ணீர் வைத்திருந்த மேசைக்கு வந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க சார்" என்றான். எனக்குப் பொறி தட்டியது. சுந்தரோதயாவில் படித்தவன் எவன் இந்தியாக்காரன்போல 'சார்' போடுவான்? பக்கத்தில் போனேன்.

"தம்பி, நல்லாப் போட்டீர். எந்த வருசம் கல்லூரியை விட்டனீர்?"

"அது வந்து... ரொம்ப வருஷம் ஆச்சு சார்."

"உம்மட காலத்திலை அதிபர் ஆர்?"

"பேரு சட்டுனு ஞாபகம் வரல சார்."

"சரி, கல்லூரிக்கு முன்னாலை என்ன கோயில்?"

கொஞ்சம் யோசித்தான். "பிள்ளையார் கோயில் சார்."

சரியாகச் சொல்லிவிட்டான், பாவி. எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளையார் கோயில் இல்லை? ஆனால் நான் விடவில்லை. அவன் பெயர் ராகவன், பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை என்று அறிந்து, மூன்று பஸ் மாறி, இரண்டு நாள் அங்கே போய், எதிரில் இருந்த கோப்பிக்கடையில் தொப்பியும் கறுப்புக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு இருந்தேன். முதல் நாள் அவனுக்கு விடுமுறை. இரண்டாம் நாள் கடைக்காரப் பெண் வந்து, "யாரையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ஒரு டோனற் இனாமாகத் தந்தாள். வீட்டுக்கு வந்தால் மகள் மெலனி சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே போனை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அப்பா, ஹி இஸ் ஃப்ரம் சென்னை. அங்க காலேஜ் டீம்ல விளையாடினவன். போட்டோ இருக்கு. இப்ப ஹாப்பியோ?"

ஓம், மிகவும் சந்தோசப்பட்டேன். மறைக்கமாட்டேன். போட்டிக் குழுவுக்குப் பதினொரு பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். 'படித்தவன் ஆடலாம், படிக்காதவன் ஆடக்கூடாது' என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டேன். நீர் வாசித்துவிட்டு, "அத்தான், உதை இவ்வளவு கடுமையா எழுத வேணுமோ?" என்று கேட்டீர். அந்த இடத்திலாவது நான் உமது முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை சாப்பாட்டுக்கடை மேல்மாடியில் விசாரணை. போட்டிக் குழுத் தலைவி றோஸ்மேரி ரீச்சர், "அண்ணை, பதினொரு பக்கத்தையும் வாசிக்க வேண்டாம், நாங்கள் வாசிச்சிட்டம்" என்றார். இருந்தும் நான் வாசித்தேன். ஆறாம் பக்கத்தில் சண்முகநாதன் எழும்பினார்.

"ரீச்சர், ஒத்துக்கொள்ளுறம். அந்தப் பெடியன் எங்கட கல்லூரியில்லை. எங்கட கப்டனோட ஒரே இடத்திலை வேலை, ஆசையிலை கூட்டிக்கொண்டு வந்தவர். பிழைதான்."

எனக்கு மனம் குளிர்ந்தது. அவர் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை.

"ஆனா சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே? அருள்நாயகம் அண்ணை, நீங்கள் எந்த வருசம் லியோவிலை சேர்ந்தனீங்கள்?"

"அறுபத்தொன்பது" என்றேன். முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய நாக்கு.

"நான் லியோ ஒபீசுக்கு ரெலிபோன் எடுத்தனான். சேர்வு இடாப்பைப் பாத்தவை. அறுபத்தெட்டிலையிருந்து எழுபத்தைஞ்சு மட்டும் அருள்நாயகம் எண்டு ஒருத்தரும் இல்லையாம்."

மச்சான், அந்த மேல்மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் உம்மைப் பார்த்தார்கள். நீர் தேநீருக்குச் சீனி போட்டீர். உமக்குச் சலரோகம். பத்து வருடமாக நீர் சீனி தொடுவதில்லை. மூன்று கரண்டி போட்டுக் கலக்கிவிட்டு, "இது சங்கத்துக்குத் தெரியாத விசயம் ரீச்சர், நாங்கள் விசாரிப்பம்" என்றீர்.

தெரியாதா? லியோ நுழைவுப் பரீட்சையில் நான்கு புள்ளியால் தவறி, றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கலவன் பாடசாலைக்கு நான் போனது உமக்குத் தெரியாதா? லியோவின் பின்மதிலில் குந்தியிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்த்ததும், கரிக்கட்டியால் மதிலில் ஓட்டம் எழுதியதும் தெரியாதா? வெள்ளைச் சீருடையோடு உள்ளே நின்ற நீர்தான் வந்து, "அண்ணை, நாங்கள் எத்தினை?" என்று கேட்பீர். உள்ளே நின்றவனுக்கு வெளியே இருந்தவன் கணக்குச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டில் ஸ்காபரோவில் ஒரு நிலவறையில் ஏழு பேர் கூடிச் சங்கம் தொடங்கியபோது, பதிவு செய்ய ஆள் போதவில்லை என்று படிவத்தை என் முன்னால் நீட்டியவர் நீர். படித்த ஆண்டுகள் என்ற இடத்தில் நான் பேனையை நிறுத்தினேன். "எழுதுங்கோ அத்தான், ஆர் பாக்கப் போகினம்" என்றீர். எழுதினேன். பிறகு கொடி கட்டினேன், கதிரை அடுக்கினேன், ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் ஆட்டிறைச்சி கிண்டினேன், எனக்கே நான் அங்கே படித்தவன்போல் ஆகிவிட்டது. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று ஒரு நாள் மேடையில் பேசினேன். கை தட்டினார்கள். நீரும் தட்டினீர்.

அங்கேயே இரண்டு சங்கத்துக்கும் இடையில் பேரம் முடிந்தது. முறைப்பாடு மீளப்பெறப்பட்டது, கிண்ணம் சுந்தரோதயாவோடு, நான் வெளியே. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு கீழே இறங்கிக் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். நான் பஸ்சுக்கு நின்றேன்.

வீட்டில் மெலனி கேட்டாள். "அப்பா, நீங்கள் லியோ இல்லையா?" நான் சப்பாத்தைக் கழற்றினேன். "எனக்குக் கல்லூரிக் கீதம் முழுக்கத் தெரியும். சின்னனிலை டிராயிங் பண்ணச் சொன்னா லியோ கொடிதான் கீறுவன். வை வுட் யூ டூ தற், அப்பா?" என்றாள். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, கண் கலங்கி நின்றது. சண்முகநாதன் நாற்பது பேருக்கு முன்னால் கேட்டபோது வராத வெட்கம் அந்த ஒற்றைப் பிள்ளைக்கு முன்னால் வந்தது. உமது அக்கா சமையலறையில் இருந்தபடி, "சங்கக்காரர் செய்தது பிழையெண்டு கத்துறியள். நீங்கள் அந்தப் பிறம்ரன் பெடியனுக்குச் செய்ததைத்தானே அவை உங்களுக்குச் செய்தவை?" என்றாள். பாரும், எனக்கு இருபது கறி வைத்துக் கொடுத்தாலும் உமது குடும்பத்து இரத்தம் உமது பக்கம்தான் பேசுகிறது. அன்றிலிருந்து நான் அவளோடும் அதிகம் கதைப்பதில்லை. சாப்பிடும்போது மட்டும்.

பிறகு உமது கடிதம் வந்தது. 'கல்லூரியின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு' என்று தொடங்கி, கீழே உமது வளைந்த கையொப்பம். அதில் மூன்று எழுத்துப் பிழை. 'பொருட்டு' என்பதற்கு எந்த 'ரு' என்பது லியோவில் படித்த உமக்குத் தெரியவில்லை. கலவன் பாடசாலையில் படித்த நான் சிவப்புப் பேனையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகவே அறிவது: இனிமேல் நான் கிரிக்கெற் என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு உமது வீட்டுக்கு வருவதில்லை. உமது அக்கா வருவாள், அவளைத் தடுக்க என்னால் முடியாது. படித்தவன்தான் கல்லூரிக்காரன் என்றால், உள்ளே இருந்து பாடம் படித்த நீரே அந்தக் கல்லூரியை வைத்துக் கொண்டாடும். நான் செத்தால் சங்கத்தின் மலர்வளையம் என் பக்கம் வரக்கூடாது. இதை மெலனியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாதாவின் காவலில் உமது மனைவியையும் பிள்ளைகளையும் முழுமையாகவும், உம்மை இயன்றளவும் ஒப்படைத்து, ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
எந்தக் கல்லூரியும் இல்லாத,
அருள்நாயகம்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் ராகவன். முறைப்பாட்டின் அடியில் என் விலாசம் இருந்ததாம். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டேன். "சார், உங்க லெட்டருக்கு அப்புறம் என்னையும் டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. கோபமெல்லாம் இல்ல சார். மூணு வருஷமா இந்த ஊர்ல பெட்டி தூக்கிட்டே இருந்தேன், இந்த சம்மர்லதான் பந்தைத் தொட்டேன். வேற யாராவது சேர்த்துப்பாங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க" என்றான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். அன்ரனெற் கட்லட் பொரித்துக் கொடுத்தாள், ஏழு சாப்பிட்டான். பிறகு பழத்தட்டில் இருந்த தோடம்பழத்தை எடுத்து, றமேசுக்குப் போட்ட அந்தப் பந்தை எப்படிப் பிடித்தான் என்று காட்டினான். மச்சான், அது அநியாயமான பிடி. சுந்தரோதயாவின் ஒரு துடுப்பாட்டக்காரனும் அதற்கு முன்னால் நிற்கமாட்டான்.

சங்கத்தின் யாப்பு விதிகளில் 'கல்லூரியை நேசிப்போர்' என்று ஒரு உறுப்பினர் பிரிவு சேர்ப்பதற்கு எத்தனை கையொப்பம் வேண்டும்? இங்கே இரண்டு பேர் ஆயத்தம். ஒருவன் பந்து போடுவான், மற்றவன் சத்தம் போடுவான். மேலே எழுதியது முழுவதையும் கிழித்துவிடும். பதிலை உமது அக்காவிடம் சொல்லும். உம்மோடு நான் கதைப்பதில்லை.