நீங்கள் இன்னும் வானத்தில்தான் இருக்கிறீர்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் சம்பந்தி, தலை குனிந்து எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என்னோடு பேசாமல் நலமாக இருக்கிறார்கள். அங்கே உங்கள் நலம் கேட்க எனக்கு முகம் இல்லை.

அன்று மாப்பிள்ளையும் என் மனைவியும் போனை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்ற மகள் பக்கத்தில். உங்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் ஒரே ஒரு வேலை என்னுடையது. மாப்பிள்ளை கொடுத்த சீட்டில் புறப்பாடு ஒன்பது, வருகை பதினொன்று என்று இருந்தது. சும்மா போயிருக்கலாம். கை சும்மா இருக்குமா? சுவர் வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன், மூவாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூறு, ஏற இறங்கக் கால் மணி, ஆக நாலு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் எப்படி வரும்? இப்படிப் பொய் நேரம் எழுதும் டிரைவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஒரு மணிக்குப் போனால் போதும் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு நீங்கள் போன் செய்தீர்கள். "நான் வந்து இறங்கிட்டேன் சம்பந்தி, யாரையும் காணோமே" என்றீர்கள். அதற்கு இந்தப் பாவி, "இருக்கவே முடியாதும்மா, நீங்க இன்னும் வானத்துலதான் இருக்கீங்க. நடுவழியில எங்கயோ நிறுத்தியிருப்பாங்க, போய் ஏறி உங்க சீட்ல உட்காருங்க" என்றேன். வீட்டு விலாசமாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். "முதல்ல வந்து சேருங்க, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

ஒரு மணிக்கு நான் வந்தபோது நீங்கள் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். கைப்பையிலிருந்து குழந்தைக்குப் பின்னிய மஞ்சள் தொப்பி எட்டிப் பார்த்தது. நான் கையை ஆட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள், பார்க்காத மாதிரி நடந்தீர்கள். நியாயம்தான். பேத்தி முகத்தைப் பார்க்காமலே உங்களை அனுப்பிவைத்தவன் நான்.

மாப்பிள்ளை அப்புறம் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். "மாமா, அம்மா ஊர்ல ஒன்பதுன்னா இங்க ஏழு. பதினொன்னுன்னு போட்டது இங்கத்த நேரம்." அதாவது நான் போட்ட நாலு மணி நேரம் நிமிடம் பிசகாமல் சரி! வழியில் கடிகாரம் மாறும் என்று யார் கண்டது? எங்கள் பஸ் எதிலும் மாறியதில்லை. இதை என் மனைவியிடம் சொன்னேன். அன்றிலிருந்துதான் சாப்பாட்டுத் தட்டு மேஜையில் 'டொக்' என்று விழுகிறது.

அம்மா, என்னை மன்னிக்க வேண்டாம். குழந்தைக்காக வாருங்கள். வரும் சனிக்கிழமைக்கு அதே விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். இனி நூலையும் தொடமாட்டேன், கணக்கும் போடமாட்டேன். இது பேத்தி மேல் சத்தியம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு மட்டும் வெட்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு: டிக்கெட்டைப் பார்த்தேன். மறுபடியும் வருகை பதினொன்று என்றுதான் போட்டிருக்கிறார்கள். கவலை வேண்டாம், இப்போது எனக்கு விவரம் தெரியும். இரண்டு ஊருக்கும் இரண்டு மணி வித்தியாசம். பதினொன்றோடு அதைக் கூட்டிவிட்டேன். பேத்தியையும் தூக்கிக்கொண்டு சரியாக ஒரு மணிக்கு வாசலில் நிற்பேன்.