விருந்துக்கு வராத நண்டுகள்

அன்புள்ள மாப்பிள்ளை பாலகணேஷுக்கு,

ராயபுரத்திலிருந்து மாமா உச்சிமாகாளி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தை, கையிலுள்ள மாவுக்கட்டு நீங்கலாக, நலம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட்ட பிறகும் நீங்கள் நலமாகவே இருக்க வேண்டுமென்று செந்திலாண்டவனை வேண்டுகிறேன்.

முதல் விருந்துக்கு வந்த மருமகனிடம் நண்டுக் குழம்பு என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயும் ரசமும் போட்டது பெரிய தவறு. மார்க்கெட்டில் நண்டே வரவில்லை என்று அத்தை சொன்னது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். உங்கள் அம்மா அதை அவமானமாக எடுத்துக்கொண்டு என் மகளிடம் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். போனில் சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், நான் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அத்தை மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு நானே போனேன். மீன்கார நீலாம்மாவின் கூடையில் எண்ணூர் நண்டுகள் கொடுக்குகள் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. "ஒட்ச்சி கிளீன் பண்ணிக் குடுக்கட்டா நைனா? உசுரோட கீது, உன்னால ஆவாது" என்றார். இத்தனை வருஷமாக நண்டு தின்கிறவனைப் பார்த்து இதென்ன பேச்சு என்று ரோஷப்பட்டு, உயிரோடேயே வாங்கி வந்தேன்.

வீட்டில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்ல, நான் ஒரு நண்டைத் தரையில் வைத்துக் குழவியை ஓங்கினேன். அது இரண்டு கண்களையும் உள்ளே மடக்கிக்கொண்டது. அவ்வளவுதான் மாப்பிள்ளை, கை இறங்கவில்லை. அடுத்த தடவை நானும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். நண்டு தப்பியது, டைல்ஸ் உடைந்தது.

"நீ எப்படித்தான் செல்வி இதைச் செய்றே?" என்று கேட்டேன்.

"அடுப்பப் பாத்துக்கிட்டே செய்வேன். மொதல்ல மன்னிச்சுக்கோன்னு அதுக்கிட்ட சொல்லிருவேன். ஒங்களுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு மிக்ஸியப் போட்டுக்குவேன்."

ஞாயிறுதோறும் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, தேங்காய் அரைபடுகிறது என்று எச்சில் ஊற உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "சாப்பிட ஒக்காந்த மனுசங்கிட்ட அத எப்படிச் சொல்ல?" என்றாள்.

அதற்குமேல் வீட்டில் நிற்க முடியவில்லை. நண்டுகளைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கடற்கரைக்குக் கொண்டுபோய், பாறைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டை அவிழ்த்துவிட்டேன். ஒன்று பாதி அவிழ்க்கும்போதே என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு, கயிறு தொங்கத் தண்ணீரில் குதித்தது. மனசு லேசாகி எழுந்தபோது, பாறைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நம்ம டைம் ஷோக்கா கீது நைனா, பாரு!" என்று தூக்கிக் காட்டினார். வலையில் நண்டுகள். ஒன்றின் கொடுக்கில் கயிறு தொங்கியது. என்னால் அவற்றுக்குக் கிடைத்தது ஒரு முங்கு கடல்தண்ணீர்தான். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குள் நீங்களும் வந்துவிட்டீர்கள். வெண்டைக்காய்தான் கைவசம் இருந்தது.

இனி நம் வீட்டு அடுப்பில் எந்த உயிரும் வேகாது என்று அத்தையிடம் கையடித்துச் சொல்லியிருக்கிறேன். இதை அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் மகளும் எல்லா வளமும் பெற்று, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமா உச்சிமாகாளி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு மேத்யூ, பேரனின் பிறந்தநாள் என்று மட்டன் பிரியாணி கொடுத்தனுப்பினார். தட்டு காலி. அந்த ஆட்டை நான் பார்க்கவில்லை, அதனால்தான் தொண்டையில் இறங்கியது. அத்தை எனக்குப் பரிமாறிவிட்டு, தன் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டாள்.