ஜன்னலுக்குக் கழுத்தை நீட்டியவர்

வளைகுடா பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும், செய்த வேலைக்குத் தன் கழுத்தையே ஜாமீன் வைக்கிற இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். எங்கள் கம்பெனியில் அவருக்குப் பெயரே கழுத்து மேஸ்திரிதான். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும்.

பழைய காலத்து வீடுகளைப் புதுப்பிக்கிற கம்பெனி. நான் ஏ.சி. மெக்கானிக். அவருக்கு மர ஜன்னல் வேலை. கதவு மாதிரித் திறக்கிற ஜன்னல் இல்லை. வெள்ளைக்காரன் பாணியில் மேலும் கீழும் ஏறி இறங்குகிற ஜன்னல். இரண்டு பக்கச் சட்டத்துக்குள்ளும் கயிற்றில் இரும்புக் கட்டி மறைவாகத் தொங்கும். கட்டியின் கனமும் ஜன்னலின் கனமும் சமமாக இருந்தால், தூக்கிய இடத்தில் அப்படியே நிற்கும். கட்டி கனம் குறைந்தால் தடாலென்று விழும்.

நிற்கிறதா என்று மற்றவர்கள் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். மேஸ்திரி ஒற்றை விரலால் ஜன்னலைத் தூக்கி விட்டு, மண்டி போட்டு, கழுத்தை அடியில் நீட்டி, தெருவைப் பார்த்தபடி ஒரு பாட்டை முணுமுணுப்பார். பாட்டு முடிந்தால் ஜன்னல் பாஸ். ஒருமுறை தெருவில் போன பாகிஸ்தான்காரர் ஒருவர், பாவம் யாரோ மாட்டிக்கொண்டார் என்று ஓடிவந்து தலையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

ரூமிலும் அப்படித்தான். குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொன்னால், முதலில் கரண்டியின் கனத்தைச் சொல்வார்.

எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை.

"ஏ.சி. போட்ட வீட்டுக்குத் திறக்கிற ஜன்னல் எதுக்கு அண்ணாச்சி? சிலிகான் அடிச்சு ஒட்டிரலாம்லா?"

"முதல்ல உம்ம மூக்கை ஒட்டும்வே. அதான் ஏ.சி. இருக்குல்லா?"

பர் துபாய் வீட்டை ஒப்படைக்கிற நாள் வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் இளைய மகளுக்கு ஊர்க் கோயிலில் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். மூத்தவளுக்கு நடந்ததைப் போனில்தான் பார்த்தேன். இந்த வீடு கை மாறினால்தான் லீவு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த முறையாவது சேர்த்துவிடு தாயே என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அர்பாப், அதாவது அரபி முதலாளி, வந்தார். முன்னறை ஜன்னலைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார். மேஸ்திரி கீழே கழுத்தை நீட்டி, "கையை விடுங்க அர்பாப், மாஃபி முஷ்கில், ஒண்ணும் ஆகாது" என்றார்.

என் பக்கத்தில் நின்ற, ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தெருச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அர்பாப் சொன்னாரு பாய். நேத்துதான் இதுக்கு மட்டும் ரெட்டைக் கனத்துல மோட்டா கண்ணாடி மாத்தினோம்."

அர்பாப் கையை விட்டார். "மாதாவே!" என்று நான் பாய்ந்து, கழுத்துக்குச் சாண் உயரத்தில் ஜன்னலைப் பிடித்துவிட்டேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. "எவம்லே அது, பாலீஷ் போட்ட மரத்தை எண்ணெய்க் கையோட தொடுதது?"

அர்பாப் முகம் வெளிறிப்போனது. "கலாஸ்! முடிஞ்சுது! எல்லாம் கழட்டு. அலுமினியம் போடு" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். அலுமினியம் என்றால் இன்னும் ஒரு மாசம். என் லீவு போச்சு.

மேஸ்திரி சட்டத்தைத் திறந்தார். "கனம் சேக்கணும்வே. இரும்பு போட இடமில்ல. ஈயம் வேணும். இந்நேரம் எவன் தருவான்?"

நான் கடற்கரைக்காரன். வெள்ளிக்கிழமை தோறும் தூண்டில் போடப் போகிறவன். வண்டியிலிருந்து தூண்டில் ஈயக் குண்டுகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார்.

"என் ஜன்னல்ல மீன் நாத்தமா!"

"நாத்தம் உள்ளதான அண்ணாச்சி கெடக்கும்? என் புள்ள அங்க வெள்ளை கவுன் தச்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்கா."

அவர் உடனே கையை நீட்டி வாங்கினார். குண்டுகளை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் கட்டினார்.

தொழுகை முடிந்து வந்த அர்பாப் ஜன்னல் பக்கமே வரவில்லை. மேஸ்திரி தானே விரலால் தூக்கி, மறுபடியும் மண்டி போட்டார். நான் சிலுவை போட்டேன்.

"சிலுவை போடாதேயும்வே, அர்பாப் பயந்துருவாரு."

ஜன்னல் அசையவில்லை. பாட்டு முழுசும் முடிந்தது. அடுத்த பாட்டையும் அவர் தொடங்கியபோது, அர்பாப் வயிறு குலுங்கச் சிரித்து, "ஜேன், ஜேன்! நல்லாயிருக்கு, போதும், எழுந்திரு" என்றார். வீடு கை மாறியது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் மகளின் புதுநன்மை முடிந்ததும் மேஸ்திரிக்காக ஒரு பூசை வைக்கப் போனேன். பெயர் கேட்டார் சாமியார். விழித்தேன். "துபாய்ல ஒரு மேஸ்திரி, சாமி. ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். இப்போதும் இரவு செபத்தில் என் பிள்ளைகளுக்காக வேண்டி முடித்ததும், அந்தக் கழுத்துக்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்.