நான்காவது ஃபிரேம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மணி பன்னிரண்டேகால். காகிதத்தில் அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தால், அழுதுகொண்டே கண்மையைத் துடைத்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதே. அது செயின் கிரீஸ். மூன்று தடவை சோப்புப் போட்டும் நகத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பகலில் எழுதலாம்தான், ஆனால் பகலில் மேனேஜர் விழித்திருப்பாள். இரண்டு வயது முடிந்த என் மகளை வீட்டில் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறோம்: நாள் முழுக்க மேற்பார்வை, ஒரு வேலையும் செய்வதில்லை, கண்ணில் படும் காகிதத்திலெல்லாம் கிறுக்கிக் கையெழுத்து. உங்கள் சர்வே முகாமில் போனும் எடுக்காது, வாரத்துக்கு ஒரே தபால் வண்டி, அது நாளைக் காலை கிளம்புகிறது. அதனால்தான் இந்த ராத்திரி வேலை.

மலைக்காற்று உன் காதில் ஏறாமல், முட்டி வலி வராமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். வெறும் நலம் இல்லை அக்கா, ஜெயித்துவிட்டோம். ஃபிரேம் கிடைத்துவிட்டது!

முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே. ஒன்றாம் தேதி நான் மறுபடி தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு வருஷமாக என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தற்காலிகப் பெண் படு கெட்டிக்காரி. முதல் மாதம் நான் லேட்டாக வந்தால் அந்த நாற்காலியை அவளுக்கே கொடுத்துவிடுவதாக எங்கள் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தில் எட்டரைக்குத்தான் கதவைத் திறப்பார்கள், ஒன்பதுக்கு நான் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நடுவில் இரண்டு பஸ். ஐந்து நாள் ஸ்டாப்வாட்சோடு ஒத்திகை பார்த்தேன். நான்கு நாள் லேட், ஐந்தாம் நாள் பஸ்ஸே வரவில்லை.

அப்போதுதான் பரண்மேல் இருந்த உன் பெட்டி ஞாபகம் வந்தது. உன் சைக்கிள் ஃபிரேம் விரிசல் விட்டதும் மற்றதையெல்லாம் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பெட்டி. வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், கியர் எல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அந்தக் குண்டுப் பின்சக்கரம். சிக்னலில் நின்றபடியே கியரை மாற்றலாம், மழையிலும் பிரேக் பிடிக்கும், பின்னால் மேனேஜரை உட்கார வைத்து மேம்பாலம் ஏறலாம், இருபத்தைந்தே நிமிஷம் என்று நீ அன்றைக்கே சொன்னாய். "ஃபிரேம் மட்டும் வாங்கிக்கோடி" என்றும் சொன்னாய். அந்த 'மட்டும்' இருக்கிறதே அக்கா, அதற்காகவே உன்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

பெட்டி மூடியின் உள்பக்கம் நீ ஒட்டியிருந்த சீட்டில் நான்கே வரி. பின்பக்க அகலம் 135. டிஸ்க் பிரேக் மாட்டக் காது. செயினை இழுத்துக்கட்ட வழி. அளவு 58. அதைத்தான் வேதமாக வைத்துக்கொண்டேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து, மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் பழைய வெர்னியரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அளப்பதுதானே என் பிழைப்பு!

முதல் ஃபிரேம் ஒரு பல் டாக்டருடையது. விளம்பரம் பார்த்து வீட்டுக்கே போனோம். சிவப்பு நிறம், ஒரு விரலால் தூக்கலாம். மேனேஜர் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெர்னியர் வைத்தேன், 130. "அஞ்சு மில்லிமீட்டர்தானேம்மா, இழுத்தா விரியும்" என்றார் டாக்டர். "சார், இது அலுமினியம். விரியாது, உடையும்" என்றேன். "நாங்க தாடையையே விரிக்கிறோம்" என்றார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் உடனே வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மேனேஜர் வீடு வரைக்கும் அழுகை.

இரண்டாவது, பெரிய கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, டை கட்டிய பையன். அகலம் சரி, காதும் இருக்கிறது. வாங்கி வந்து சக்கரத்தை மாட்டிச் செயினைப் போட்டால், ஈரப் போர்வை காயப்போட்ட கொடி மாதிரித் தொங்குகிறது. சாதாரண கியர் சைக்கிளில் தொய்வை இழுத்து வைத்துக்கொள்ளக் கீழே ஒரு கை தொங்கும். நம் ஹப்பில் அது கிடையாது, சக்கரத்தையே பின்னால் தள்ளித்தான் செயினை இறுக்க வேண்டும். இந்த ஃபிரேமிலோ சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு நேர் செங்குத்து, ஒரு நூல்கூட நகர இடமில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். "இதத்தான் மேடம் எல்லாரும் வாங்கறாங்க" என்றான். "எல்லாரும் என் சக்கரத்தையா மாட்டறாங்க?" என்று கேட்டதும் மேலாளரைக் கூப்பிடப் போனவன் திரும்பி வரவேயில்லை. ஒன்றேகால் மணி நேரம் நின்று, மேனேஜர் கண்ணாடிக் கதவை முழுதாக நக்கி முடித்த பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

மூன்றாவது, இவர் எனக்குச் சொல்லாமலே ஆன்லைனில் வரவழைத்தது. பூகோள வாத்தியாருக்கு சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று நான் பல்லைக் கடிப்பதற்குள், "பாத்தியா, பிளவு படுக்கையா இருக்கு, சக்கரம் நகரும்!" என்று குதித்தார். நகர்ந்தது. செயின் வீணைத் தந்தி மாதிரி நின்றது. நானும் குதித்தேன், மேனேஜரும் குதித்தாள். பிரேக்கைப் பிடித்தால் பூனை வாலை மிதித்த சத்தம். ஏன் தெரியுமா? சக்கரம் பின்னால் நகர்ந்தால் அதோடு ஒட்டிய டிஸ்க்கும் நகர்கிறது, டிஸ்க்கைக் கவ்வ வேண்டிய பிரேக் மட்டும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறது. செயின் வேண்டுமென்றால் பிரேக் இல்லை, பிரேக் வேண்டுமென்றால் செயின் இல்லை. "ஒத்தைப்படை நாள்ல ஓட்டு, ரெட்டைப்படை நாள்ல நிறுத்து" என்றார் இவர். அன்று இரவு அவரோடு நான் பேசவில்லை.

நாலாவது கதையைத்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, கூரை முழுக்க ஃபிரேம்கள் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கும். கடைக்காரர் பேசவே காசு கேட்பார் போலிருந்தது. உன் நான்கு வரியையும் வாசித்துக் காட்டினேன். கொக்கியால் ஒரு பச்சை ஃபிரேமை இறக்கி, துணியால் துடைத்து, பின்பக்கத்தைக் காட்டினார். அக்கா! அச்சுக்கான பிளவும் பிரேக்குக்கான காதும் ஒரே இரும்புத் தகட்டில் இருக்கின்றன, அந்தத் தகடே முழுதாகப் பின்னால் நகர்கிறது. குடிபோகும்போது அடுப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போவது மாதிரி! சக்கரம் எங்கே போனாலும் பிரேக் கூடவே வரும். வெர்னியர் வைத்தேன், 135. குழந்தை சீட்டுக்கான கேரியர் மாட்டத் துளைகூட இருந்தது. நடுக்குழாயில் ஸ்டிக்கர், 58. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த ஆள் வாயைத் திறந்தார்.

"யாரும்மா ஓட்டப் போறது?"

"நான்தான்."

என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். மேலிருந்து கீழே வர அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. "நீங்களா?"

"ஏன், நான் ஓட்டக்கூடாதா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலம்மா. எதுக்குக் கேக்கறேன்னா..."

"எதுக்குக் கேக்கறீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்!"

விட்டேனா? இரண்டு வருஷமாக மனசில் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டினேன். குழந்தை பெற்றவள் சைக்கிள் ஓட்டினால் பார்க்கிறவர்களுக்கு என்ன வலிக்கிறது, நான் காலேஜில் இன்டர்-காலேஜ் வரைக்கும் போனவள் (சதுரங்கத்தில்தான், ஆனால் அதைச் சொல்லவில்லை), என் அக்கா மலையையே அளக்கிறவள், எங்கள் வம்சத்தில் பெண்கள் யாருக்கும் யாரும் வழிவிட்டுப் பழக்கமில்லை, நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று முழுசாகப் பத்து நிமிஷம். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் டம்ளரோடு வந்து நின்று கேட்டார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கடைக்காரர், "இதே மாதிரி உள்ள இன்னொண்ணு இருக்கும்மா, கொஞ்சம் சின்னது. அது உங்களுக்கு..." என்றார்.

"பொம்பளைன்னா சின்னதே போதும்னு முடிவே பண்ணிட்டீங்களா? எனக்குப் பெரிசையே குடுங்க!"

"ஒரு தடவ அதையும் பாத்துட்டா..." என்று இவர் இழுத்தார்.

"நீங்களுமா?" என்றேன். அடங்கிவிட்டார்.

"சரிம்மா. வேணும்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். "மாத்தற பேச்சே கிடையாது, பில்லுலயே எழுதிக்குங்க" என்றேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே மேனேஜரும் போட்டாள்.

அந்த ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தோம் பார், ஜெயித்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி! கீழ்வீட்டு ரிட்டயர்ட் பஸ் டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். "யாருக்கும்மா, சாருக்கா?" என்றார். "எனக்கு!" என்றேன். ஃபிரேமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபிரேமைப் பார்த்தார். "நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பொறாமைதான், வேறென்ன?

மூன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்து நடுவில் பாய் விரித்து நானும் இவருமாகப் பூட்டினோம். மேனேஜர் ஒரு நட்டை மட்டும் தன் ஷூவுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசியாகக் குழந்தை சீட்டும் ஏறியது. பெடலைக் கையால் சுற்றினேன். சத்தமே இல்லை அக்கா, நெய் மாதிரி ஓடுகிறது. பிரேக்கைத் தொட்டால் டக்கென்று நிற்கிறது. எனக்கு இருக்கை மட்டும்தான் பாக்கி, கடிதத்தை முடித்துவிட்டு அதையும் மாட்டிவிடுவேன். நாளைக் காலை முதல் ஓட்டம்.

ஒன்று சொல்லட்டுமா? அப்பா நம்மை ஏணி, முக்காலி என்று கூப்பிட்டதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் உன் பள்ளிக்கூடப் பாவாடையை நாலு விரல் மடித்துத் தைத்து, உன் செருப்புக்குள் பஞ்சு அடைத்து, உன் ரெயின்கோட்டில் தெருவையே பெருக்கிக்கொண்டு போய் வளர்ந்தவள் நான். உன் பெட்டியிலிருந்து வந்த ஒன்றை மடிக்காமல், தைக்காமல், எனக்கென்றே நான் அளந்து அளந்து வாங்கியதில் மாட்டி ஓட்டப்போவது இதுதான் முதல் தடவை. அந்த நாற்காலியை இனி எவளும் தொட முடியாது.

உன் கருவிகள் ஈரம் படாமல் இருக்கட்டும், உன் கூடாரம் காற்றில் பறக்காமல் இருக்கட்டும். இவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மேனேஜர் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் (தூங்குவதற்கு முன்பே வெற்றுத்தாளில் வாங்கி வைத்துவிட்டேன்).

இப்படிக்கு
வெற்றி பெற்ற உன் தங்கை,
முக்காலி

பின்குறிப்பு: மணி ஒன்றே கால். உறையை ஒட்டப் போகும் முன் இருக்கையை மாட்டினேன். மாட்டியது மாட்டினோம், ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போமே என்று தோன்றியது. நடுக்குழாயைத் தாண்டிக் கால் போகவில்லை. மேனேஜரின் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இருக்கை கடைசிவரை இறங்கித்தான் இருக்கிறது, இருந்தும் என் கால் பெடலுக்கு எட்டவில்லை, தரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்டூல் வேறு சாய்ந்துவிட்டது. இறங்க வழியில்லாமல் பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "என்னங்க, என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

"அந்தக் கடைக்காரர் இதத்தான் கேக்க வந்தாரு" என்றார்.

"அங்கயே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டியா?"

தூக்கி இறக்கிவிட்டார். இறங்கியதும் முதல் வேலையாக உன் அளவுச் சீட்டைப் பெட்டி மூடியிலிருந்து பிய்த்துப் பின்பக்கம் திருப்பினேன். 'என் காலுக்கு அளந்தது' என்று உன் கையெழுத்து! பெட்டியில் ஒட்டிய பக்கத்திலா எழுதுவாய், மகராசி? அச்சை அளந்தேன், பிளவை அளந்தேன், டிஸ்க்கை அளந்தேன், குழந்தையின் இடுப்பைக்கூட அளந்தேன். என்னை அளக்கவில்லை. ஃபிரேமை மடித்துத் தைக்கவும் முடியாது.

அழவில்லை. அந்தச் சின்ன ஃபிரேம் உள்ளேதானே இருக்கிறது? கடை திறந்ததும் போய் மன்னிப்புக் கேட்டு அதை வாங்கிவிடுவேன். முதலில் என் காலை அளக்கச் சொல்வேன், அதற்கப்புறம்தான் பேச்சு. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பூட்ட மூன்று சாயங்காலம் போதும், நட்டு எங்கே இருக்கும் என்றும் இப்போது தெரியும். பெரிசைத்தான் அவர் திருப்பி எடுக்க மாட்டார், பில்லில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அது உன் அளவு அக்கா, நூல் பிசகாமல் உன் அளவு. உனக்கும் வண்டி இல்லாமல் எத்தனை நாள்? அடுத்த தபால் வண்டியிலேயே ஏற்றி அனுப்பட்டுமா? சக்கரத்தை மட்டும் நீ வாங்கிக்கொள்.

சீக்கிரம் பதில் எழுது.