மலர்ச்சாலை அண்ணனின் சிவப்புக் கார்

கினிகத்தேனை பஜாரில் மலர்ச்சாலை அண்ணன் முன்னால் நிமிர்ந்து நின்ற மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பொலிஸ் சார்ஜன்ட் முதல் மொத்த வியாபார முதலாளிமார் வரை, அவர் எதிரே வந்தால் சற்றுக் குனிந்து, தோளைக் குறுக்கிக்கொண்டுதான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. அண்ணனுக்குச் சவப்பெட்டி வியாபாரம், அந்தக் கடைக்குத்தான் மலர்ச்சாலை என்று பெயர். யாரைக் கண்டாலும் அவர் பார்வை உச்சந்தலையில் தொடங்கிச் செருப்பு வரை இறங்கும். பிறகு தோளுக்குத் தோள் ஒருமுறை போய்வரும். அதற்கப்புறம்தான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அளவெடுத்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் அப்போது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர். அண்ணனின் மலர்ச்சாலைக்கு மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இவ்வளவு நல்ல அறைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று முதல் நாள் கேட்டேன்.

"தெரியலீங்க மாஸ்டர். கீழ சத்தமே இருக்காது" என்றார்.

வாலிப வயதிலிருந்து அவர் ஓட்டியது ஒரே வாகனம்தான். கறுப்பு நிறம், பக்கமெல்லாம் கண்ணாடி, மேலே பித்தளைக் கலசம். தேயிலைத் தோட்டத்துச் சாவில் தப்புக்காரர்கள் முன்னால் பறையை அடித்துக்கொண்டு போவார்கள், சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு போவார்கள், அவர்களுக்குப் பின்னால் அண்ணனின் வண்டி நடக்கும். ஓடாது, நடக்கும். முதல் கியரைத் தவிர மற்றவை எல்லாம் அவருக்குச் செவிவழிச் செய்திதான். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போதும் அதே வேகம். அதைக் கண்டால் பஜாரில் தொப்பி போட்டவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், கடைக்குள் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். உள்ளே பெட்டி இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த மனிதர்தான் ஒரு நாள் நீர்கொழும்புக்குப் போய் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார்.

வாங்கிய விதத்தை, கூடப் போயிருந்த சிறில் பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிறில் பாஸ் அண்ணனிடம் பெட்டி செய்யும் சிங்களத் தச்சர். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். விற்பவன் "எஞ்சிம ஹொந்தய் மாத்தயா" என்று எஞ்சினைப் புகழ்ந்திருக்கிறான். அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லையாம். காரைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டிருக்கிறார், பலகை வாங்கும்போது தட்டுவதுபோல. பிறகு உள்ளே உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி, நெஞ்சின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் இருந்திருக்கிறார். விற்பவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு ஓடிவந்தானாம். அண்ணன் கண்ணைத் திறந்து, "ஆறடி ஆளுக்குப் பத்தாது, எனக்குப் போதும்" என்று சொல்லி விலையை முடித்துவிட்டார்.

நீர்கொழும்பில் காலையில் புறப்பட்ட கார் பஜாருக்கு வந்து சேரும்போது பள்ளிக்கூடம் விட்டு நானும் வந்துவிட்டேன். இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஒரு சிவப்பு உடம்பு, மேலே கிழிந்த துணிக்கூரை. முதல் கியரில், அரை கிளட்சில், அந்த ஏற்றம் முழுவதையும் ஏறி வந்திருந்தார். உள்ளே அவர் முகத்தைக் கண்டதும் பஜார் தன் வழக்கப்படி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது. கழற்றிய பிறகுதான் காரைப் பார்த்தார்கள். மலர்ச்சாலை வாசலில் அது புகைவிட்டு நின்றது. கருகிய வாசனை மீன்கடை வரை போனது. கிளட்ச் தீர்ந்துபோயிருந்தது.

வேறொருவராக இருந்தால் கராஜைத் தேடுவார். அண்ணன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் அதே மாதிரிக் காரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், இவன் என்னா சொல்றான்?"

என் ஆங்கிலம் பரீட்சை எழுதித் தேறிய ஆங்கிலம். பேசிக் கேட்டுப் பழகியதல்ல. இருந்தாலும் தமிழாசிரியனுக்கும் கௌரவம் உண்டல்லவா, மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதை அந்த வெள்ளைக்காரன் ரத்தம் வடியவிடுவது என்ற சொல்லால் சொன்னான். நானும் அப்படியே, "பிரேக்குக்கு ரத்தம் எடுக்கணுங்கிறான் அண்ணே" என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. மறுநாள் ஒரு சேவலோடு வந்து நின்றார். வெள்ளைக்காரன் கோழி எதையும் அறுக்கவில்லை என்பதைக் காட்ட அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சேவல் தப்பியது.

கிளட்ச் மாற்ற எஞ்சினைத் தூக்க வேண்டியிருந்தது. உத்தரத்தில் கப்பியைக் கட்டி, குழிக்குள் பெட்டி இறக்கும் பட்டிகளை எஞ்சினுக்குப் போட்டு, அண்ணன் ஒரு பக்கம், சிறில் பாஸ் மறுபக்கம், நான் கால்மாட்டில். பட்டியைப் பிடித்ததும் அவர்கள் இருவருக்கும் பழக்கம் வந்துவிட்டது. பேச்சு நின்றது, தலை குனிந்தது. எஞ்சினைத் தரையில் இறக்கி முடித்ததும் சிறில் பாஸ் என்னிடம் திரும்பி மெதுவாக, "சொந்தக்காரங்க யாராவது பாக்கணுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

திரும்பப் பூட்டியபோது ஒரு சிறு தட்டில் கொஞ்சம் நட்டும் போல்ட்டும் மிச்சமிருந்தன. நான் கவலைப்பட்டேன். "பெட்டி அடிச்சாலும் ஆணி மிஞ்சத்தான் செய்யும் மாஸ்டர்" என்றார் அண்ணன். அதன் விளைவாகக் கார் ஒருமுறை நின்ற இடத்திலேயே பின்பக்க பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தது. மறுபடி கழற்றினார், மறுபடி பூட்டினார். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தொடங்கிய மனிதர், மூன்றாம் தடவை கழற்றும்போது கண்ணால் பார்க்காமல் கையாலேயே போல்ட்டைத் தேடி எடுத்தார். அவருடைய ஒவ்வொரு நகத்திலும் கிரீஸ் இருந்தது. சாவு வீடுகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அழகுபடுத்தும் வேலையில்தான் தொழில் புத்தி உள்ளே நுழைந்துவிட்டது. இருக்கைகளுக்கு வெள்ளை சாட்டின் துணி, ஓரமெல்லாம் சுருக்கு, நடுவில் ஒரு பூ. கதவுகளுக்குப் பித்தளைக் கைப்பிடி. முன்னாலிருந்த விளக்குகள் இமைபோல் மூடித் திறக்கிற வகை. அதில் இடது விளக்கு மட்டும் திறக்கும், வலது திறக்காது. பஸ் நிலையத்தில் நின்ற பெண்களைப் பார்த்துக் கார் கண்ணடிக்கிறது என்று முறைப்பாடு போய், சார்ஜன்டே நேரில் வந்து விசாரித்தார், சற்றுக் குனிந்தபடி.

ஏன் இந்தக் காரை வாங்கினார் என்று நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அப்போது அவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டியில ஏறுனவங்க யாரும் போகணும்னு ஆசப்பட்டு ஏறுனதில்ல மாஸ்டர். ஒருத்தரையாவது அவங்க ஆசப்பட்ட எடத்துக்குக் கொண்டுபோய் எறக்கணும்னு இருக்கு." துணியைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க அண்ணி இத்தன வருஷமா பஸ்ஸுலதான் போவுது. நான் அதே ரோட்டுல வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போவேன். எப்படி ஏறச் சொல்றது?"

"அதுக்கு ஒரு வேன் வாங்கியிருக்கலாமே அண்ணே."

"வேன் வாங்குனா ஊரே ஏறிடும். இதுல ரெண்டே பேருதான்."

ஆனால் அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். சாட்டினைப் பார்த்தார், நடுவிலிருந்த பூவைப் பார்த்தார். "என்னைய எதுக்கு இப்பவே இதுக்குள்ள படுக்க வைக்கப் பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸைப் பிடித்துத் தன் தாய்வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதோடு பஜார் முதலாளிமார் வேறு வந்தார்கள். அவர்கள் ஒருபோதும் கடுமையாகப் பேசாதவர்கள். தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டு ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, சாவு வீட்டுக்கு ஒரு அடக்கம் வேணும். செவப்புக் காருல பறக்குற ஆளுக்கு நாளைக்கு எவன் பெட்டி சொல்லுவான்? ஆடி முடியறதுக்குள்ள வித்துடுங்க." அண்ணன் அந்தக் காரில் ஒரு நாளும் பறந்ததில்லை. பஜார் முனை வரை முதல் கியரில் போய்த் திரும்புவார், அவ்வளவுதான். அதைச் சொல்லி வாதாடவுமில்லை. தலையை ஆட்டினார். நுவரெலியாவில் ஒரு பையன் வாங்கிக்கொள்வதாகப் பேச்சாயிற்று.

அந்த ஆடி மழையில்தான் அண்ணியின் தாய்வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அண்ணிக்குச் சித்தி முறை. அவருக்கு ஒரே மகள், பெயர் செல்வி, குவைத்தில் வீட்டு வேலை. தகவல் போய், அவள் விமானம் ஏறியிருந்தாள். எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

எடுக்க வேண்டிய நாளன்று வண்டியில் ஏறப் போகும்போது தோட்டத்துத் தலைவரிடமிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. மண் சரிந்து ரயில் றொசல்ல நிலையத்தில் நின்றுவிட்டது. செல்வி அங்கே இறங்கி நிற்கிறாள், பஸ் இல்லை. மயானத்துக்குப் போகும் வழியில் ஓடை பெருகிக்கொண்டிருக்கிறது. "இதுக்கு மேல பொறுக்க ஏலாதுங்க. நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க, அது வர்றப்ப வரட்டும்" என்றார் தலைவர்.

அண்ணன் கறுப்பு வண்டியைப் பார்த்தார். பிறகு கொட்டகையில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார். கறுப்பு வண்டியின் சாவியைச் சிறில் பாஸிடம் கொடுத்தார்.

"நீங்க மாஸ்டரையும் ஏத்திக்கிட்டு தோட்டத்துக்குப் போங்க பாஸ். எடுக்கச் சொன்னா எடுங்க. ஆனா மெதுவா போங்க. நான் போறதவிட மெதுவா."

"அதவிட மெதுவான்னா வண்டி நின்னுடும் அண்ணே."

"நின்னா நிக்கட்டும்."

அவ்வளவுதான். கார் கண்ணடித்துக்கொண்டு மழைக்குள் போனது. பஜார் முனை தாண்டியதும் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. சிறில் பாஸ் தலையைத் தூக்கினார். "ரெண்டாவது கியர்" என்றார். சற்றுப் பொறுத்து, நம்ப முடியாமல், "மூணாவது" என்றார்.

தோட்டத்தில் பெட்டியை ஏற்றி ஊர்வலம் புறப்பட்டது. சிறில் பாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தப்புக்காரர்கள் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து எங்களைத் தேடினார்கள். பெரியவர்கள் கண்ணாடியைத் தட்டி, "என்னாங்க இது, ஓட பெருகி பாதைய மூடப் போவுது" என்று சத்தம் போட்டார்கள். பாஸ் சிங்களத்தில் மட்டும் பதில் சொன்னார். ஓடைக்கு இறங்கும் கடைசி முடக்கு வளைவுக்கே வந்துவிட்டோம்.

நான் வண்டியை விட்டு இறங்கி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்மலைப் பாதை முழுவதும் தெரியும். பச்சைத் தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. முதலில் சத்தம்தான் வந்தது. தப்பு நின்றது, அழுகை நின்றது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் புள்ளி வெளியே வந்தது. ஒரு முடக்கில் மறைந்து, அடுத்த முடக்கில் தோன்றி, ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு, நீரை இருபுறமும் வாரியடித்துக்கொண்டு அது இறங்கி வந்தது. முதல் கியரிலேயே தலை நரைத்த மனிதர் அதை ஓட்டுகிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்குப் பக்கத்தில் அண்ணி முக்காட்டை விலக்கிவிட்டு, நனைந்துகொண்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றது. செல்வி இறங்கி ஓடினாள். பெட்டியைத் திறந்தார்கள். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணன் நனைந்த சட்டையைப் பிழிந்துவிட்டு, சிறில் பாஸிடமிருந்து சாவியை வாங்கி, கறுப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முதல் கியரைப் போட்டார். சற்று முன் மலையை அதிரவைத்த அதே கைகள், தப்புச் சத்தத்துக்குப் பின்னால் அந்தத் தாயை அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோயின. ஒரே நாளில் அவ்வளவு வேகத்தையும் அவ்வளவு நிதானத்தையும் ஒரு மனிதரிடம் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஓடை முழங்கால் அளவு வருவதற்குள் எல்லாம் முடிந்தது.

திரும்பி வந்து தொழிலாளர் லயத்து வாசலில் கால் கழுவும்போது பெண்கள் செல்வியிடம் பயமாக இல்லையா என்று கேட்டார்கள்.

"ஒவ்வொரு முடக்குலயும் 'முருகா'ன்னாரு. நேர் ரோட்டுல பேசவே இல்ல" என்றாள் அவள். "அந்த சீட்டுத் துணிய தடவிக்கிட்டே வந்தேன். எங்கம்மாவுக்கும் இதத்தானே விரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். பயம் வரல."

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காரிடம் போனார். நனைந்து சுருங்கிப்போன சாட்டினை முந்தானையால் ஒற்றினார். பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பு வண்டியைத் திரும்பவும் சிறில் பாஸிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அண்ணன், அவரை அங்கே கண்டதும் கொஞ்ச நேரம் எந்தப் பக்கக் கதவு தனக்கு என்றே தெரியாமல் நின்றார். ஒருவழியாக ஏறி, முதல் கியரில் நகர்த்தினார். என்னைக் கடந்து போகும்போது அண்ணியின் குரல் கேட்டது.

"ஏன் இம்புட்டு மெதுவா போறீங்க?"

அடுத்த வாரம் நுவரெலியாப் பையன் கூப்பிட்டபோது அண்ணிதான் கைப்பேசியை எடுத்தார். "அது எங்க வீட்டு வண்டிங்க, விக்கிறதுக்கு இல்ல" என்று வைத்துவிட்டார். முதலாளிமார் மறுபடி தேத்தண்ணீர் குடிக்க வரவேயில்லை. அவர்களில் இருவருக்குக் குவைத்தில் மகள்கள் இருந்தார்கள். இப்போது இருக்கைகளில் பூப்போட்ட திரைச்சீலைத் துணி, அண்ணி பார்த்து எடுத்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எங்காவது போகிறார்கள்.

நான் மாற்றலாகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன். சில ஞாயிறுகளில் அந்தக் கார் இந்தப் பக்கமும் வரும். என்னைக் கண்டால் நிற்கும். இதுவரை நான் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கேட்டால் அண்ணன் ஏற்றிக்கொள்வார், அண்ணியும் மனம் கோணாமல் இறங்கி எனக்கு இடம் கொடுப்பார். அதனால்தான் கேட்பதில்லை.