முப்பத்தொரு கண் டாக்டர்கள்

மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த கம்பியை வில்மா பசை போட்டு ஒட்டினாள். கம்பி ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு சொட்டு வலது வில்லையில் விழுந்து பரவ, டொலீடோ நகரத்தில் பாதி மூடுபனிக்குள் போய்விட்டது.

அந்தக் கண்ணாடியோடு டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனாள். ஒரு பெட்டிக்குள் பார்த்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள்.

"உள்ள லைட்டு எரியலையே?" என்றாள். எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வெள்ளிக்கிழமையோட லைசென்ஸ் முடியுது மேடம். அதுக்குள்ள புதுக் கண்ணாடியோட வாங்க."

தள்ளாத வயதில் தனியாக இருக்கும் பதினான்கு பேருக்குத் தினமும் வேனில் மதியச் சாப்பாடு கொண்டுபோவது வில்மாவின் வேலை. லைசென்ஸ் போனால் வேலை போகும். அவர்கள் வயிறும் காயும்.

அரசாங்க இன்சூரன்ஸை ஏற்கும் கண் டாக்டர்கள் என்று முப்பத்தொரு பெயர் கொண்ட பட்டியல் அவளிடம் இருந்தது. மூன்று எது, எட்டு எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக எண்ணை அழுத்தினாள்.

"அரசாங்க இன்சூரன்ஸ் எடுத்துக்குவீங்களா?"

"இது பிட்ஸா கடைங்க."

சட்டென்று போனை வைக்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு பிட்ஸா சொன்னாள். அடுத்த எண்ணை அழுத்தினாள்.

"என்னம்மா, இன்னொண்ணு வேணுமா?" என்றது அதே குரல்.

வாசனை பிடித்து வந்தார் பக்கத்து வீட்டு கஸ். எழுபத்தாறு வயது, கழுகுப் பார்வை, காதுதான் கொஞ்சம் மந்தம். "நீ தள்ளு, நான் பேசறேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிட்டாங்க!" என்று வெற்றியோடு வைத்தார்.

போய்ப் பார்த்தால், நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தன. சுவர் முழுக்கக் கரடி பொம்மைகள்.

"பன்னெண்டுக்குள்ள இருந்தாத்தான்னு போன்லயே சொன்னேனே" என்றாள் அங்கிருந்த பெண்.

"பன்னெண்டுக்குள்ளதான் வந்திருக்கோம். மணி பத்துதானே ஆச்சு?" என்றார் கஸ்.

"மணி இல்ல தாத்தா, வயசு!"

புதன்கிழமை கஸ் எண்களைப் படித்தார், வில்மா பேசினாள். ஒரு டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவர் ஃப்ளோரிடாவில் மீன் பிடிக்கிறார். பலர் "அந்த இன்சூரன்ஸா? நிறுத்திட்டோமே" என்றார்கள். ஒருவர் மட்டும் மார்ச் மாதம் வரச் சொன்னார். அப்போது ஆகஸ்ட் நடந்துகொண்டிருந்தது.

முப்பத்தோராவது பெயர் ஹார்ட்சோ. ஐம்பது மைல் தள்ளி ஒரு சின்ன ஊர்.

"எடுத்துக்கறோம். நாளைக்கு வாங்க."

வில்மா அதை மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆப்பிள் பை என்ற பலகாரம் ஒன்றைச் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு கஸ்ஸின் வண்டியில் ஏறினாள். அங்கே கூட்டம் வாசல்வரை நின்றது. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட டாக்டர் ஹார்ட்சோ அதிகம் பேசவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் பொறுமையாகப் பார்த்தார். பின்னறையில் தானே வில்லை தேய்த்து, சாயங்காலத்துக்குள் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டார்.

வில்மா அதை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர் வயலில் மக்காச்சோளம் ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டி, அதுவும் உடனே மங்கியது.

வரவேற்பு மேசையில் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வில்மா பலகாரத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"இதை டாக்டர்கிட்ட குடுத்துடுங்க. முப்பது பேர் கையை விரிச்சாங்க. இவர் ஒருத்தருக்குத்தான் மனசு வந்துது. எப்பேர்ப்பட்ட புண்ணியவான்! எப்படித்தான் இந்த இன்சூரன்ஸுக்கு ஒத்துக்கிட்டாரோ!"

அந்த அம்மாள் உள்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு பலகாரத்தைத் தன் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒப்பந்தத்துல அவர் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு, அவரோட கண்ணாடி என் டிராயர்ல இருந்துதும்மா."