ஜப்பான் மேளத்துக்கு மைக் வைத்தவர்

இந்தப் பூமியில் பிறந்த அத்தனை பேரிலும் மைக் இல்லாமல் பேச முடியாத ஒரே மனிதர் எங்கள் போடிநாயக்கனூரில்தான் இருக்கிறார். தாய் தகப்பன் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊருக்கு அவர் மைக்செட்டு அண்ணே. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான்.

மனிதருக்குச் சொந்தக் குரல் கிடையாது. நேரில் பேசினால் உதடு அசையும், எதிரில் நிற்பவர் கன்னத்தில் லேசாகக் காற்றுப் படும், அவ்வளவுதான். ஒருமுறை முழங்கால் வலி என்று டாக்டரிடம் போய் வெகுநேரம் விளக்கியிருக்கிறார். டாக்டர் பரிதாபப்பட்டுத் தொண்டைக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்.

ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் சிங்கம். அதனால் மொபெட்டின் முன்பக்கம் ஒரு சின்னக் குழாயும் காலடியில் ஒரு பேட்டரியும் ஏற்றிக்கொண்டுதான் ஊரைச் சுற்றுவார். காய்கறி வாங்குவதும் அதில்தான். "ஆத்தா, அரைக்கிலோ தக்காளி போடு. நேத்துக் குடுத்ததுல ரெண்டு அழுகலு." பஜார் முழுக்கக் கேட்கும். தக்காளிக்காரி மானத்துக்குப் பயந்து நாலு பழம் கூடப் போடுவாள். அவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாருக்கு வயிறு சரியில்லை, மச்சினன் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஊரில் ஒருவரும் அவரைப் பற்றிப் புறணி பேசியதில்லை. பேசுவதற்கு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு துக்க வீட்டுக்குப் போனவர் வாசலில் மொபெட்டை நிறுத்தி, "மனசத் தேத்திக்கப்பா. எல்லாரும் ஒருநா போறதுதான்" என்று மைக்கில் ஆறுதல் சொன்னார். நாலு தெரு தள்ளிக் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெரியவர், சேதி தனக்குத்தான் என்று நினைத்து மகனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

இவருக்கு வாய்த்த மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிற அம்மாள், நேர் எதிர். ஆண்டவன் அந்த வீட்டுக்கென்று அளந்து வைத்த சத்தம் முழுவதையும் மதினியே வாங்கிக்கொண்டுவிட்டார். அவர் கொல்லையில் நின்று கோழியை விரட்டினால் மலையோரம் எங்கோ இருக்கிற குரங்கணியில் கோழி ஓடும்.

ஒருநாள் அண்ணே துணிக்கடைத் தள்ளுபடி ஒன்றுக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டே போனார். சொல்லி முடித்தவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு நினைவுக்கு வந்திருக்கிறது. தனக்குத்தானே பேசிக்கொண்டார்: "நம்ம வீட்டுக் கொழம்பு இருக்கே... மாட்டுத் தொட்டியில ஊத்துனா மாடு நம்மள மொறைக்கும்." அப்போது வண்டி ரேஷன் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. வரிசையில் மதினி நின்றுகொண்டிருந்தார். முன்னால் பதினைந்து பெண்கள், பின்னால் பதினைந்து பெண்கள்.

"பேச மைக்கு வச்சிருக்கேல்ல. கொழம்பு வைக்கவும் அந்தக் கொழாயவே வச்சுக்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மதினி பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மைக்கோடு வந்து வாசப்படியை மிதித்தால் காலை முறித்துவிடுவேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

அண்ணே மைக் இல்லாமல் போய்ப் பார்த்தார். தெருவில் நின்று உதட்டை அசைத்தார். மதினி நடுவீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர எழுந்து பக்கத்தில் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் இது நடந்தது. மைக் இருந்தால் போக முடியாது, மைக் இல்லாமல் பேச முடியாது. மனிதர் இளைத்துப் போனார். தக்காளி வாங்குகிறபோதுகூட அழுகலைக் குறை சொல்வதில்லை.

அந்த நேரத்தில்தான் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். நான் ஏலக்காய் மண்டி ஒன்றில் மேனேஜராக இருந்தேன். முதலாளியின் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரின் பெரிய மேளங்களை அடிக்கிற தைக்கோ குழு ஒன்று மதுரையில் நிகழ்ச்சி நடத்திவிட்டுப் போடிமெட்டு வழியாகக் கொச்சிக்குப் போவதாக அவள் தகவல் சொன்னாள். போகிற வழியில் நம் ஊரிலும் ஒரு நாள் அடிக்கட்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். வேலை என் தலையில் விழுந்தது. ஒலிபெருக்கிக்கு அண்ணேயைக் கூப்பிட்டேன்.

அவர் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன். என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி மைக்கை எடுத்தார். "மாப்ளே, இது நமக்குள்ள இருக்கட்டும். வரவேற்புரை நான் பேசுறேன். கடைசியா ரெண்டு வரி அவளுக்கு." தெருவில் பத்து ஜன்னல்கள் திறந்தன.

"மைக்குல திட்டுனதுக்கு மைக்குலயே மன்னிப்பாண்ணே?" என்றேன்.

"தொலைச்ச எடத்துலதான மாப்ளே தேடணும்."

நிகழ்ச்சி போடியில் ஒரு மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. அண்ணே முதலாளியிடம் போய், மண்டபத்தில் எதிரொலி அடிக்கும், தேவாரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, சத்தத்தை மலையே வாங்கித் திருப்பிக் கொடுக்கும் என்று சாதித்து இடத்தை மாற்றிவிட்டார். மைதானத்துக்குப் பின்புறம்தான் மாமியார் வீடு என்பதை முதலாளியிடம் சொல்லவில்லை. மதினி நிகழ்ச்சிக்கு வராவிட்டாலும் வரவேற்புரை நடுவீட்டுக்கே போய்விடும்.

அன்று மத்தியானம் லாரி வந்தது. ஒவ்வொரு மேளமும் ஒரு நெல் குதிர் அளவு. இறக்க வந்த ஆட்களில் ஒருவன், "இவ்வளவு பெருசா இருக்கே, உள்ள என்ன லோடுண்ணே?" என்றான். "சத்தம்" என்றேன். மெதுவாக இறக்கினான்.

குழுவுக்குத் தலைவி ஒரு சின்ன உருவமான அம்மாள். பேச்சை மாற்றிச் சொல்ல மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அண்ணே ஒரு மேளத்துக்கு மூன்று வீதம் மைக் நட்டுக்கொண்டிருந்தார். தலைவி ஏதோ கேட்டார்.

"மைக் எதுக்குன்னு கேக்குறாங்க" என்றாள் மதுரைப் பெண்.

கல்யாணத்துக்குப் பொண்ணு எதுக்கு என்று கேட்டால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார் அண்ணே. தலைவி சிரித்துக்கொண்டே இரண்டு கட்டைகளை எடுத்து, காலை அகட்டி நின்று, பெரிய மேளத்தில் ஒரே ஒரு அடி போட்டார். வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிக் கேரளா பக்கம் போய்விட்டன. அண்ணே நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மேளத்தைச் சுற்றி வந்து, அடியில் எங்காவது ஒயர் போகிறதா என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது ஞானம் பெற்ற முகம். ஒரு மைக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தானே பிடுங்கிப் பெட்டியில் வைத்தார்.

முதலில் மேளம், அப்புறம்தான் பேச்சு என்பது அவர்கள் முறையாம். அண்ணே சம்மதித்தார். புதுச் சட்டை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார். மைதானம் நிறைந்துவிட்டது. பொழுது சாய்கிற நேரம் ஆரம்பித்தார்கள்.

அதை எப்படிச் சொல்வது. காதால் கேட்கிற சத்தம் இல்லை அது. நாற்காலி வழியாக ஏறி விலா எலும்பில் உட்கார்ந்துகொள்கிற சத்தம். முன்வரிசையில் முதலாளியின் மூக்குக் கண்ணாடி தானாக இறங்கி வாய்க்கு வந்தது. நடுநடுவே அவர்கள் "ஹோய்" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

நாங்கள் மறந்த சங்கதி ஒன்று உண்டு. அந்த மாதம் தேவாரம் பக்கம் யானை இறங்கியிருந்தது. அங்கே ஒரு வழக்கம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு தோட்டத்தில் தகரம் அடித்தால் அடுத்த தோட்டக்காரர் ஏன் என்று கேட்காமல் அடிக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் யானை வந்து பதில் சொல்லும். ஜப்பான் மேளம் என்று விளம்பரம் கேட்டவர்கள் ஏதோ கல்யாண வீட்டு மேளம் மாதிரி இருக்கும் என்று நினைத்தார்களே தவிர, இப்படி மலை அதிரும் என்று யார் கண்டார்கள்? "ஹோய்" வேறு. யானையை விரட்டவும் அதே குரல்தான்.

முதலில் கிழக்குத் தோட்டத்தில் ஒரு தகரம் கேட்டது. அப்புறம் மேற்கே. பிறகு சுற்று வட்டாரம் முழுக்கத் தகரம், தட்டு, பானை, பட்டாசு. ஜப்பான்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். ஊர் சனமே சேர்ந்து வாசிக்கிறது என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தார்கள். மேளம் ஓங்க ஓங்க, யானை ஒன்றல்ல, கூட்டமாக வந்துவிட்டது என்று இன்னும் பத்துத் தோட்டத்து ஆட்கள் கிளம்பினார்கள். அதைப் பார்த்து இவர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். தலைவி ஆனந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் தீப்பந்தமும் டிராக்டர் விளக்குமாக ஒரு படையே மைதானத்துக்குள் நுழைந்துவிட்டது.

"எங்கப்பா ஆனை?"

"மேடைக்குப் பின்னாடியாம்."

இது போதாதா. உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தது. யானை மின்கம்பத்தில் உரசிவிடக் கூடாது என்று யாரோ போன் போட, கரண்டை நிறுத்திவிட்டார்கள். மேளமும் நின்றது. ஒரே வாசல். நாற்காலிகள் சரிந்தன, பிள்ளைகள் அழுதன, பெண்கள் தடுக்கினார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் சரவெடியைப் பிரித்துத் தீக்குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணே மேடை நடுவில் நின்று மைக்கில் பேசினார். மைக் செத்திருந்தது. மொபெட் வாசலுக்கு வெளியே கூட்டத்தில் மாட்டிக்கொண்டது; மேடைக்கென்று வைத்திருந்த பெரிய பேட்டரிக்கு மாற்றினார். அதுவும் செத்திருந்தது. விழாவுக்கு முந்தின ராத்திரி அதைச் சார்ஜில் போடுவது மதினிதான் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. தீப்பந்த வெளிச்சத்தில் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. எத்தனையோ வருஷமாக ஊரின் காதை அடைத்த மனிதர், ஊர் கேட்டே ஆக வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் தவித்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்ததை நான் பார்த்தேன்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் மேடையேறினார். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, மறு கையில் கரண்டி. யானை விரட்ட வந்த மதினி. நேராகப் போய் அண்ணேயின் வாயருகே காதை வைத்தார்.

"என்னய்யா சொல்ற?"

அண்ணே உதட்டை அசைத்தார். மதினி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆனை வரலையாம். இது சப்பான் மேளமாம். எல்லாரும் அவுகவுக எடத்துல நில்லுங்க. ஏய், வெடிய வையி கீழ."

வெடிக்காரர் கீழே வைத்தார். வாசலுக்கு ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்றார்கள். மதினியின் குரலை மலையே வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஜப்பான் தலைவி மதினியைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினார்.

அண்ணே மறுபடி உதட்டை அசைத்தார். மதினி வாங்கிச் சொன்னார். "புள்ளைகளத் தூக்கிக்கங்க. நாற்காலிய நிமித்திப் போடுங்க. வெரசா. தோட்டத்துலருந்து வந்தவுகளும் உக்காந்து கேட்டுட்டுப் போங்க, டிக்கெட்டு கெடையாது." சனம் உட்கார ஆரம்பித்தது. அண்ணே நிறுத்தவில்லை. மதினியும் அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனார். "கடல் தாண்டி வந்த விருந்தாளிகள போடி மக்கள் சார்பா வரவேற்கிறோம். இத்தோட இன்னொண்ணும் சொல்லணுமாம். அன்னைக்கு ரேசன் கடையத் தாண்டையில..."

அங்கே மதினி நின்றுவிட்டார். அண்ணேயின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் அசைந்தது. மதினி காதை எடுக்கவில்லை. கையிலிருந்த கரண்டி மெல்லக் கீழே இறங்கியது.

"என்னக்கா சொல்றாரு? எங்களுக்கும் சொல்லு" என்று தேவாரத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்.

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒஞ்சோலியப் பாத்துக்கிட்டு மேளத்தக் கேளுடி" என்றார்.

தீப்பந்த வெளிச்சத்திலேயே மறுபடி அடித்தார்கள். தகரம் கொண்டுவந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கூடவே தட்டினார்கள். மேடைக்குக் கீழே இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் மண்டிக்குப் போகிறபோது எதிரே மொபெட் வந்தது. பின்னால் துணிப்பையோடு மதினி. என்னைப் பார்த்ததும் அண்ணே வண்டியை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மைக் பக்கத்திலேயே தொங்கியது, தொடவில்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் முடிக்கிற வரைக்கும் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று தலையாட்டிக்கொண்டே நின்றேன். எனக்கு அவ்வளவு பிடிக்கும் அந்த மனிதரை.